செபுல்டூராவின் ‘கேயாஸ் ஏ.டி.’யைக் கேட்பது எப்படி: டிரம்ஸ் முதலில், வரிகள் அப்புறம்

அரசியல் பேசும் மெட்டல் ஆல்பம் என்று கேள்விப்பட்டதும் பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: பாட்டை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரைத் திட்டுகிறார்கள் என்று தேடுவது. 1993இல் பிரேசிலின் செபுல்டூரா என்ற மெட்டல் குழு வெளியிட்ட ‘கேயாஸ் ஏ.டி.’யை மட்டும் தயவுசெய்து அப்படி ஆரம்பிக்காதீர்கள். இதில் வரிகள் ரொம்பக் குறைவு, இருப்பவையும் பாதிக்குப் பாதி ஊர்வல முழக்கம் மாதிரி இருக்கும், காகிதத்தில் படித்தால் “இவ்வளவுதானா?” என்று தோன்றிவிடும். குழுவின் நாலு பேரும் சொல்ல வந்ததில் பெரும்பங்கு தாளத்தில் இருக்கிறது, வேகத்தை வேண்டுமென்றே குறைத்ததில் இருக்கிறது, கிட்டாருக்கு நடுவே விட்ட இடைவெளியில் இருக்கிறது. காது அதைப் பிடித்துக்கொண்ட பிறகு வரிகளுக்குப் போனால் ஒவ்வொரு சொல்லும் வேறு கனத்தில் வந்து விழும்.

நான் சொல்லப்போகும் வழி மெட்டல் பழக்கமே இல்லாதவர்களுக்கும் பொருந்தும். ஏற்கெனவே கேட்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் ஏற்பாடு. ஆல்பத்தில் மொத்தம் 12 பாடல்கள், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மறுபதிப்புகளில் கடைசியில் போனஸ் பாடல்கள் ஒட்டியிருக்கும், அவற்றை முதல் தடவை விட்டுவிடுங்கள். ‘க்ளெஞ்ச்டு ஃபிஸ்ட்’ முடிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஷஃபிள் கண்டிப்பாக வேண்டாம், ஏனென்றால் நாலு பாட்டு அடி வாங்கிய பிறகு ஐந்தாவதாக ஒரு அக்கூஸ்டிக் பாட்டு வருவது இந்த ஆல்பத்தின் அமைப்பிலேயே முக்கியமான இடம், வரிசை கலைந்தால் அது வெறும் இடைவேளையாகிவிடும்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை, காதை ஒழுங்காக மூடும் ஒன்று போதும். ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இதில் கிட்டாரும் பேஸும் ஏற்கெனவே தாழ்ந்த சுருதியில்தான் இருக்கின்றன, அதற்கு மேலும் ஏற்றினால் டாம் டிரம்மும் (டிரம் செட்டில் ஆழமாக ஒலிக்கும் டிரம்) கிட்டாரும் ஒன்றோடொன்று குழைந்து கூழாகிவிடும், அந்த இரண்டையும் பிரித்துக் கேட்பதுதான் இங்கே முழு வேலையே. சத்தம் நன்றாக இருக்கட்டும், ஆனால் காது வலிக்கும் அளவுக்குப் போக வேண்டாம். வலிக்கிற காதுக்கு எதுவும் பிரிந்து கேட்காது.

சரி, இப்போது முதல் பாட்டு, ‘ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட்’. இதன் தொடக்கத்தைக் குறைந்தது மூன்று முறையாவது கேளுங்கள், அதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள். முதலில் ஒரு இதயத் துடிப்பு கேட்கும். அது சவுண்ட் எஃபெக்ட் நூலகத்திலிருந்து எடுத்ததில்லை, பாடகர் மேக்ஸ் கவலேராவின் மூத்த மகன் தாயின் வயிற்றில் இருந்தபோது பதிவு செய்த துடிப்பு. அதைத் தொடர்ந்து மேக்ஸின் தம்பி இகோர் கவலேராவின் டிரம்ஸ். ராக் டிரம்மர்கள் வழக்கமாக ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டில் கணக்கு வைத்துக்கொண்டு, காலால் அடிக்கும் கிக், படபடவென்று ஒலிக்கும் ஸ்நேர் என்று மாற்றி மாற்றி அடிப்பார்கள். இகோர் இங்கே பாரத்தை டாம்களுக்கு மாற்றிவிடுகிறார். அடிகள் நேர்கோட்டில் போகாமல் உருண்டு உருண்டு வருகின்றன, அழுத்தம் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் விழுகிறது. பிரேசிலின் சம்பா இசை ஊர்வலங்களின் வாத்தியக் குழுவைக் கேட்டு வளர்ந்த கை அது. ஊர்வலத்தில் பெரிய டிரம் நெஞ்சில் இடிக்கும்போது அதன் மேல் சின்ன டிரம்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இல்லையா, அதே யோசனையை ஒரு ஆள் ஒரு டிரம் செட்டில் செய்கிறார்.

கிட்டார் நுழையும்போது உங்கள் காதை அதன் பின்னால் போக விடாதீர்கள். டிரம்ஸையே பிடித்துக்கொண்டு இருங்கள். அப்போதுதான் தெரியும், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) தனியாக ஒரு மெட்டு வாசிக்கவில்லை, டிரம்ஸ் அடிக்கும் அதே அழுத்தங்களைத்தான் கம்பியில் அடிக்கிறது. கிட்டாரும் ஒரு தாள வாத்தியம் ஆகிவிட்டது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் ஆல்பத்தின் முக்கால்வாசி பிடிபட்ட மாதிரி.

இரண்டாவது பாட்டு ‘டெரிட்டரி’ இதற்கு நல்ல பயிற்சி. அதன் தொடக்கத்தில் டிரம்ஸ் தனியாகவே வரும். மேசையில் விரலால் கூடவே தட்டிப் பாருங்கள். முதலில் தடுமாறுவீர்கள், பரவாயில்லை, தட்டிக்கொண்டே இருங்கள், கை பழகியதும் கிட்டார் வரும் இடம் தானாகத் தெரியும்.

ஏன் வேகத்தைக் குறைத்தார்கள்

இதைப் புரிந்துகொள்ள ஒரு ஒப்பீடு செய்தே ஆக வேண்டும், அஞ்சு நிமிடம்தான் ஆகும். இவர்களுடைய முந்தைய ஆல்பமான 1991இன் ‘அரைஸ்’ஸை எடுத்து முதல் பாட்டை மட்டும் கேளுங்கள். த்ராஷ் என்ற வேகமான மெட்டல் வகை உச்ச வேகத்தில் போகும், ரிஃப்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும், கிட்டார் சோலோ நேர்த்தியாக இருக்கும். பிரமாதமான ஆல்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பிரேசிலில் இருந்துதான் வாசிக்க முடியும் என்று சொல்ல முடியாது, அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு திறமையான குழு அதே மொழியில் வாசித்திருக்கலாம். உடனே திரும்பி வந்து ‘ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட்’ போடுங்கள். ரெண்டே வருட இடைவெளி. ரிஃப்கள் எண்ணிக்கையில் குறைந்துவிட்டன, ஒவ்வொன்றும் நீண்ட நேரம் திரும்பத் திரும்ப வருகிறது, இடையில் மூச்சு விட இடம் இருக்கிறது. பங்க் பாடல்களிலும் அதன் முரட்டு வகையான ஹார்ட்கோரிலும் கூட்டம் சேர்ந்து கத்துவதற்கு விடுவார்களே, அந்த மாதிரி இடம்.

வேகத்தைக் குறைத்ததால் மேக்ஸின் குரலில் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழுகிறது. அவர் இங்கே பாடுவது டெத் மெட்டலின் ஆழமான உறுமல் இல்லை, தொண்டை கிழியக் கத்தும் ஹார்ட்கோர் குரல். மெட்டல் குரல் புரியவே புரியாது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு இந்த ஆல்பத்தை நான் துணிந்து பரிந்துரைப்பேன், ஏனென்றால் இதில் பல இடங்களில் வரியைப் பார்க்காமலே சொல் புரியும். அப்படிப் புரிய வேண்டும் என்பதற்காகவே வாக்கியங்களை இரண்டு மூன்று சொல்லாக வெட்டியிருக்கிறார்கள். நடுவீதியில் டாங்கிகள் நிற்கின்றன என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு போதும்.

தயாரிப்பாளர் ஆண்டி வாலஸ். பதிவு செய்தது வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில், கிராமப்புறப் பண்ணை ஒன்றை ஸ்டுடியோ ஆக்கிய இடம் அது. வாலஸ் மிக்ஸ் செய்த விதத்தில் ஸ்நேர் முன்னால் வந்து நிற்கும், கிட்டார் சுவர் மாதிரி எழுந்தாலும் டிரம்ஸை மூடாது. கிட்டாரிஸ்ட் ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸரின் சோலோக்களும் மாறிவிட்டன. ‘அரைஸ்’ஸில் மெட்டாக வந்தவை இங்கே பல இடங்களில் கீச்சிடலாகவும் சைரன் மாதிரியும் வருகின்றன. சோலோ வரும்போது விரல் வேகத்தைத் தேடாதீர்கள், தெருவில் ஏதோ நடக்கிறது என்று நினைத்துக் கேளுங்கள், சரியாகப் பொருந்தும்.

இரண்டாவது சுற்று: இப்போது பிரேசில்

முழு ஆல்பத்தையும் ஒருமுறை வரி பார்க்காமல் கேட்ட பிறகு, ஒரு நாள் விட்டு, வரிகளோடு உட்காருங்கள். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி தெரிந்தால் போதும், பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. செபுல்டூரா பெலோ ஹொரிசோண்டே நகரில் தொடங்கியது 1984இல், அதாவது மேக்ஸும் இகோரும் பிறந்ததிலிருந்து பார்த்த ஆட்சி அது ஒன்றுதான். அது போன பிறகும் தெருவில் போலீஸின் பழக்கம் மாறவில்லை. ராணுவ ஆட்சிக்குப் பிறகு முதன்முதலில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அதிபர் கொல்லோர் ஊழல் புகாரில் சிக்கி 1992 டிசம்பரில் பதவி விலகினார். 1993இல் ஆண்டுப் பணவீக்கம் 2000 சதவீதத்தைத் தாண்டியது, காலையில் இருந்த விலை மாலையில் இருக்காத காலம். அந்த வருடத்தில் வந்த ஆல்பம் இது. ‘தெருவில் குழப்பம்’ என்று ஒரு மெட்டல் குழு பாடினால் பொதுவாக அதை ஒரு தோரணையாக எடுத்துக்கொள்ளலாம், இவர்கள் பாடும்போது அது அன்றாடம் பார்த்ததைச் சொல்வது.

இந்தச் சுற்றில் பத்தாவது பாட்டு ‘மேனிஃபெஸ்ட்’டிலிருந்து தொடங்குங்கள், வரிசையை இந்த ஒரு தடவை மட்டும் மீறலாம். 1992 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை, சாவ் பாவ்லோ நகரின் கராந்திரு சிறையில் 9ஆவது கட்டடத்தில் கைதிகளுக்குள் கலவரம். ராணுவ போலீஸ் உள்ளே போனது. வெளியே வந்தபோது 111 கைதிகள் செத்துக் கிடந்தார்கள். அந்தச் சம்பவம்தான் பாட்டு. இதில் கவனிக்க வேண்டியது, மேக்ஸ் தொடக்கத்தில் பாடவே இல்லை. வானொலிச் செய்தி மாதிரி, குரலைக் கரகரப்பாக்கி, தேதியையும் இடத்தையும் நடந்ததையும் வாசிக்கிறார். பின்னால் இசை இறுகிக்கொண்டே போகிறது. அப்புறம்தான் கத்தல். எனக்கு இந்த ஆல்பத்திலேயே மனதைப் பிசையும் இடம் அந்தச் செய்தி வாசிப்புதான், ஏனென்றால் கோபம் என்று ஒன்றைக் காட்டுவதற்கு முன்னால் நடந்தது என்ன என்று பதிவு செய்துவிட வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு வருடம் ஆன நேரத்தில், யாருக்கும் தண்டனை கிடைக்காத நிலையில், உலகம் முழுக்க விற்கும் ஒரு ஆல்பத்தில் அந்தத் தேதியைப் பொறித்து வைத்தார்கள். வழக்கு என்னவோ முப்பது வருடம் தாண்டியும் இழுத்தது. 2013லும் 2014லும் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, 2016இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது, பிறகும் முடியவில்லை. இந்த விவரம் தெரிந்து மறுபடி கேட்டால், பழைய செய்தி ஒன்றைக் கேட்பது போல இருக்காது.

அதே மாதிரி ‘கயோவாஸ்’. ஐந்தாவது பாட்டு, நான் ஆரம்பத்தில் சொன்ன அக்கூஸ்டிக் பாட்டு. பாடகர் இருக்கிறார், ஆனால் ஒரு சொல் கூட இல்லை. பிரேசிலின் மாட்டோ க்ரோஸ்ஸோ டோ சுல் பகுதியில் வாழும் குவாரனி-கயோவா பழங்குடிகளின் நிலம் பண்ணைக்காரர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்த மக்களிடையே தற்கொலைகள் நடந்தன. அந்தச் செய்திதான் இந்த இசைக்குக் காரணம். பதிவு செய்தது ஸ்டுடியோவில் இல்லை, வேல்ஸில் உள்ள செப்ஸ்டோ கோட்டையின் இடிபாடுகளில். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த வித்தியாசம் உடனே தெரியும்: மற்றப் பாடல்களில் எல்லாம் ஒலி காதை ஒட்டி இருக்கும், இதில் கிட்டாரைச் சுற்றி வெட்டவெளி இருக்கிறது. மேலே கிட்டார் என்ன வாசிக்கிறது என்பதைவிட, கீழே தாளம் எப்படிப் படிப்படியாக ஆள் சேர்த்துக்கொண்டு ஏறுகிறது என்று கவனியுங்கள். இதை மேடையில் வாசிக்கும்போது குழுவில் உள்ளவர்கள் ஆளுக்கொரு டிரம்மோடு நின்று அடிப்பார்கள், பழைய நேரலைக் காணொலி கிடைத்தால் பாருங்கள். டிஸ்டார்ஷனும் (கிட்டாரின் கரகரப்பான சத்தம்) கத்தலும் இல்லாமல் அரசியல் பாட்டு செய்ய முடியும் என்பதற்கு மெட்டலில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

‘டெரிட்டரி’ இஸ்ரேல்-பாலஸ்தீன மோதலை வைத்து வந்தது, காணொலியையும் அங்கேயே போய் எடுத்தார்கள், ஜெருசலேமும் சாக்கடலும் அதில் வரும். நிலத்துக்கான சண்டை எப்படி வெறுப்பைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்து வளர்க்கிறது என்பதுதான் பாட்டின் பேச்சு. அந்தக் கருத்தை ஒரு கட்டுரையாக எழுதினால் மெலிசாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப அதே ரிஃப்புக்கு வந்து முட்டும் அமைப்பைக் கேளுங்கள், முடிவே இல்லாமல் சுற்றும் ஒரு சண்டையை அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்லேவ் நியூ வேர்ல்டு’ தணிக்கைக்கும் கட்டுப்பாட்டுக்கும் எதிரானது, வரிகளில் நியூயார்க்கின் பயோஹஸார்டு குழுவின் எவன் சைன்ஃபெல்டுக்கும் பங்கு உண்டு, அதில் நியூயார்க் ஹார்ட்கோர் வாசம் தெரியும். ‘ஆமென்’ 1993இல் அமெரிக்காவின் வேக்கோவில் ஒரு மதக்குழுவின் இருப்பிடத்தை அதிகாரிகள் முற்றுகையிட்டதைப் பின்னணியாகக் கொண்டது. ‘நோமேட்’ ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களைப் பற்றியது, மெதுவாக நசுக்கும் கனமான ரிஃப், முதல் தடவையில் பலர் தவறவிடும் பாட்டு, இரண்டாவது தடவை நிச்சயம் நின்று கேளுங்கள். ‘வீ ஹூ ஆர் நாட் ஆஸ் அதர்ஸ்’ஸில் வரி என்று இருப்பது தலைப்பு மட்டும்தான், அதையே வேறு வேறு குரலில் சொல்கிறார்கள். ‘தி ஹன்ட்’ இவர்களுடைய பாட்டு இல்லை, பிரிட்டனின் நியூ மாடல் ஆர்மி குழுவின் 1986 ஆல்பத்திலிருந்து எடுத்தது.

‘பயோடெக் இஸ் காட்ஸில்லா’வில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. வரிகளை எழுதியவர் அமெரிக்க பங்க் குழுவான டெட் கென்னடீஸின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா. 1992இல் ரியோவில் நடந்த புவி உச்சி மாநாட்டைத் தொட்டுப் பேசுகிறது, கூடவே உயிரித் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சதிக்கதை வகையான குற்றச்சாட்டுகளையும் சேர்த்துக்கொள்கிறது, அவற்றை உண்மைத் தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெண்டு நிமிடம் கூட ஓடாத சுத்தமான பங்க் வெடிப்பு என்ற முறையில் அதற்கு இந்த இடத்தில் வேலை இருக்கிறது. அரசியல் ஆல்பம் பிடித்திருக்கிறது என்பதற்காக அதில் உள்ள ஒவ்வொரு கருத்துக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. ‘மேனிஃபெஸ்ட்’டில் இருப்பது சரிபார்க்கக்கூடிய ஒரு சம்பவம், ‘பயோடெக்’கில் இருப்பது ஊகம். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்து கேட்பது ஆல்பத்துக்கும் மரியாதை.

கிட்டார் கையில் இருந்தால்

வாசித்துப் பார்ப்பதைப் போல வேறு எதுவும் இந்தச் சத்தத்தைப் புரியவைக்காது. ஆறு கம்பியையும் ஒரு முழு சுரம் கீழே இறக்குங்கள், கடைசிக் கம்பி டி-க்கு வரும். மேக்ஸ் நாலு கம்பியோடுதான் வாசிப்பார், மெலிந்த இரண்டு கம்பியை மாட்டுவதே இல்லை, அவருக்குத் தேவைப்படவில்லை. நீங்கள் கழற்ற வேண்டாம், தொடாமல் இருந்தால் போதும். ஆம்பில் கெய்னை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் குமிழ்) எடுத்த எடுப்பிலேயே முழுசாக ஏற்றுவது எல்லோரும் செய்கிற தப்பு. அப்படி ஏற்றினால் தனித்தனி அடி தெரியாமல் ஒரே இரைச்சலாக வரும். பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, மிட்டை (நடுத்தர ஒலியை) ஒரேயடியாக வெட்டாமல், வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் கம்பிகள் மேல் வைத்து ஒலியை அமுக்கும் பாம் மியூட் செய்து, எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடியுங்கள். முதலில் ஒரே ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு இகோரின் டாம் அழுத்தங்களை மட்டும் கம்பியில் அடித்துப் பழகுங்கள், சுரம் மாறுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் தொடருங்கள்.

டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: ஹை-ஹாட்டை முழுக்க மறந்துவிட்டு ஃப்ளோர் டாமில் கணக்கு வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே உங்கள் கை வேறு மாதிரி யோசிக்க ஆரம்பிக்கும்.

அடுத்து என்ன கேட்பது என்றால், என் பதில் 1996இன் ‘ரூட்ஸ்’தான். ‘கேயாஸ் ஏ.டி.’யில் தொட்ட பிரேசில் தாளத்தை அங்கே இரு கையாலும் அள்ளியிருக்கிறார்கள், பிரேசிலின் பாஹியா மாநிலத்தைச் சேர்ந்த கார்லினியோஸ் பிரவுன் தாள வாத்தியத்துக்கு வந்தார், ஷவான்சே பழங்குடி மக்களின் ஊருக்கே போய் அவர்களோடு பதிவு செய்தார்கள், கிட்டார் இன்னும் கீழே இறங்கியது. அந்த வருடக் கடைசியில் மேக்ஸ் குழுவை விட்டுப் போய்விட்டார். அதனால் இந்த நாலு பேர் மாறி வந்த கதையைக் கேட்க நினைத்தால் ‘அரைஸ்’, ‘கேயாஸ் ஏ.டி.’, ‘ரூட்ஸ்’ என்ற மூன்றையும் அதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரமாவது கொடுத்துக் கேளுங்கள். ‘ரூட்ஸ்’ஸைப் போடும் அன்றைக்கு அதற்கு முன்னால் ‘கயோவாஸ்’ஸை ஒருமுறை ஓடவிடுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்று காதுக்கே தெரிந்துவிடும்.